கழிமுகத்தில் சேரும் நம் கணக்கு

மேற்குத் தாம்பரம், முடிச்சூர் பக்கம் அடையாற்றைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். நல்ல மழை பெய்தால், "ஆறு சுத்தமாகிவிட்டது" என்கிறோம். அந்த அழுக்கு எங்கே போனது என்று கேட்பதில்லை.

சுமார் 42 கி.மீ. ஓடும் அடையாறு, திருநீர்மலை, அனகாபுத்தூர், சைதாப்பேட்டை வழியாகச் சென்று பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே கடலில் கலக்கிறது. ஆற்று நீரில் நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதந்து வரும். உப்பு நீர் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, அடியில் படியும். குரோமியம், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் பெரும்பாலும் இந்தத் துகள்களில் ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. இவை மக்கி மறைபவை அல்ல. ஆண்டுக்கு ஆண்டு படலம் படலமாகச் சேரும்.

சாக்கடைக் கழிவு மக்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. சேறு கறுத்து, அழுகிய முட்டை வாடை வீசுகிறது. ஆற்றில் வரத்து குறையும் மாதங்களில் அலைகள் மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைப்பதால், கழிவு வெளியேற வழியில்லை. 2015 டிசம்பர் போன்ற பெருவெள்ளமோ, தூர்வாரும் இயந்திரமோ சேற்றைக் கிளறினால், அடைபட்டிருந்த உலோகங்களில் ஒரு பகுதி மீண்டும் நீரில் கலக்கும். சேற்றைத் தின்னும் புழு, அதைத் தின்னும் நண்டு, மீன் என அது நம் சாப்பாட்டுத் தட்டுக்கும் வரலாம்.

இதில் நம் பங்கும் உண்டு. குரோம்பேட்டையின் பெயரே குரோம் தோல் பதனிடும் ஆலையிலிருந்து வந்தது. நம் சமுதாயத்தவர் பலருக்குத் தோல் தொழில்தான் ரிஸ்க். பதனிடும்போது தோலில் ஏறாத குரோமியம் கழிவுநீரில் தங்கிவிடும். 1996இல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்லாவரம் அடங்கிய அன்றைய செங்கை மாவட்டத் தோல் ஆலைகளுக்கும் அத்தீர்ப்பு பொருந்தியது.

ஆலைகளை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. மழைநீர்க் கால்வாயில் இணைத்த வீட்டுச் சாக்கடை, குப்பையில் எறிந்த பேட்டரி, ஹஜ்ஜுப் பெருநாளன்று கால்வாயில் வீசும் குர்பானிக் கழிவு எல்லாம் அதே வழியில்தான் போகின்றன.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படியிருக்க, கால்வாயில் கழிவைக் கொட்டுவதை எப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியும்? குர்பானிக் கழிவை மாநகராட்சி வண்டியில் ஒப்படைக்க ஒவ்வொரு மஹல்லாவும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று இன்றே பார்க்கலாம்.