ஆறு புள்ளிகள் மட்டுமே எடுத்தவர் சிறந்த வீரரானது எப்படி? கல்லூரிக் கூடைப்பந்தில் நெடிய வீரரின் தடுப்பாட்டம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் 2012-ஆம் ஆண்டு இறுதிப் போட்டி ஏப்ரல் 2 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரின் சூப்பர்டோம் அரங்கில் நடைபெற்றது. கான்சாஸ் பல்கலைக்கழக அணியை 67-59 என்ற புள்ளிக் கணக்கில் வீழ்த்தி கென்டக்கி பல்கலைக்கழக அணி வாகை சூடியது. கென்டக்கியின் டோரன் லாம்ப் 22 புள்ளிகள் குவித்தார். ஆனால், தொடரின் இறுதிக் கட்டத்தில் மிகச் சிறந்து விளங்கியவருக்கான விருது அவருக்குக் கிடைக்கவில்லை. கூடையை நோக்கி 10 முறை எறிந்து ஒரே ஒரு முறை மட்டுமே வெற்றி கண்ட, மொத்தம் 6 புள்ளிகளே எடுத்த 19 வயது இளைஞரான அந்தோனி டேவிஸுக்கு அது வழங்கப்பட்டது.

புள்ளிப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்த முடிவு விந்தையாகத் தோன்றக்கூடும். அன்று டேவிஸ் 16 ரிபவுண்டுகளைக் கைப்பற்றினார். 6 எறிதல்களைத் தடுத்தார். 5 முறை சக வீரர்கள் புள்ளி எடுக்க உதவினார். 3 முறை எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தார். முதல் பாதியில் அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அப்போதும் கென்டக்கி 41-27 என முன்னிலையில் இருந்தது. கான்சாஸ் வீரர்கள் கூடையின் அருகே செல்லத் தயங்கியதும், சென்றபோது வழக்கத்தைவிட உயர்த்தி எறிந்து தவறவிட்டதும் அதற்கு முக்கியக் காரணம்.

நெடிய வீரரின் தடுப்பாட்டத்தைப் புரிந்துகொள்ள இந்தப் போட்டியைக் காட்டிலும் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

எண்ணிக்கை சொல்வதும் மறைப்பதும்

2011-12 பருவத்தில் டேவிஸ் 40 ஆட்டங்களில் 186 எறிதல்களைத் தடுத்தார். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 4.7. முதலாமாண்டு மாணவர் ஒருவர் ஒரே பருவத்தில் இத்தனை தடுப்புகளைப் பதிவு செய்தது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய சாதனை, மார்ஷல் பல்கலைக்கழகத்தின் ஹசன் ஒயிட்சைட் 2010-இல் எட்டிய 182. எல்லா ஆண்டு மாணவர்களையும் கணக்கில் கொண்டால், கடற்படை அகாதெமி அணியின் டேவிட் ராபின்சன் 1985-86-இல் பதிவு செய்த 207 தடுப்புகளே முதலிடத்தில் உள்ளன. கல்லூரி ஆட்டங்களில் தடுப்புகளை அதிகாரபூர்வமாகக் கணக்கிடத் தொடங்கியதே அந்தப் பருவத்தில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வென்று தந்த பில் ரசல், எத்தனை எறிதல்களைத் தடுத்தார் என்பதற்கு முழுமையான ஏடு இல்லாமல் போனது இதனால்தான்.

தடுப்பு என்பது ஆட்டத்தில் மிக எளிதாகக் கண்ணில் படும் நிகழ்வு. அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்கும். எனினும், ஒரு நெடிய வீரரின் பணியில் அது சிறு பகுதியே. அவர் நிற்கும் இடத்தைப் பார்த்து உள்ளே நுழையாமல் திரும்பிச் செல்லும் எதிரணி வீரர், பாதி வழியில் மனம் மாறி வெளியே அனுப்பப்படும் பந்து, அவரது கைக்கு எட்டாதவாறு எறிய முயன்று இலக்கு தவறும் எறிதல் ஆகிய எவையும் ஆட்ட ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே பதிவாவதில்லை.

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2024 மார்ச் 30 அன்று பாஸ்டனில் நடைபெற்ற காலிறுதிச் சுற்று ஆட்டத்தில் கனெக்டிகட் பல்கலைக்கழகமும் இலினாய் பல்கலைக்கழகமும் மோதின. 23-23 எனச் சமநிலையில் இருந்த ஆட்டத்தில் கனெக்டிகட் அணி தொடர்ச்சியாக 30 புள்ளிகள் குவித்து 53-23 என முன்னேறியது. இறுதியில் 77-52 என வென்றது. கனெக்டிகட்டின் 218 செ.மீ. உயர வீரர் டோனோவன் கிளிங்கன் பெயரில் அன்று 5 தடுப்புகள் பதிவாயின. ஆனால், அவர் எதிர்த்து நின்ற 19 எறிதல்களில் ஒன்றுகூட இலினாய் அணிக்குக் கூடை சேரவில்லை எனத் தொலைக்காட்சிப் பகுப்பாய்வாளர்கள் கணக்கிட்டனர். அந்த ஐந்துக்கும் பத்தொன்பதுக்கும் இடையிலான இடைவெளியில்தான் நெடிய வீரரின் உண்மையான மதிப்பு அடங்கியுள்ளது.

விதிகள் வகுத்த எல்லை

கூடையின் வளையம் தரையிலிருந்து 305 செ.மீ. உயரத்தில் உள்ளது. 210 செ.மீ. உயரமும் நீண்ட கைகளும் கொண்ட ஒருவர் குதித்தால் வளையத்தின் மேலேயே பந்தைத் தட்டிவிட முடியும். 1940-களில் டிபால் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மைக்கன், ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியின் பாப் கர்லண்ட் ஆகியோர் அதையே செய்தனர். கூடையின் முன் நின்று, விழப்போகும் பந்துகளைத் துடைத்தெறிந்தனர். இதையடுத்து 1944-இல் ‘கோல்டெண்டிங்’ எனும் தடை விதி கொண்டுவரப்பட்டது. எறியப்பட்ட பந்து மேலெழும்வரை அதைத் தடுக்கலாம். வளையத்துக்கு மேலே கூடையை நோக்கிக் கீழிறங்கத் தொடங்கிவிட்டால் தொடக்கூடாது. தொட்டால் கூடை விழுந்ததாகவே கொள்ளப்படும். பந்து பின்பலகையில் பட்டு வளையத்தை நோக்கி வரும்போது தட்டுவதும் தவறே.

ஆகவே, தடுப்பவருக்குக் கிடைப்பது எறிபவரின் கையிலிருந்து பந்து விடுபடும் கணத்துக்கும் அது உச்சியை எட்டும் கணத்துக்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய நேரம் மட்டுமே. உயரம் இருந்தால் போதும் என்ற எண்ணம் இங்கேயே பொய்த்துவிடுகிறது.

இந்தியப் போட்டிகளில் பின்பற்றப்படும் ஃபிபா விதிகளில் ஒரு வேறுபாடு உண்டு. பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், அதன்பின் வளையத்தின் மீது தத்தளிக்கும் பந்தை எவரும் தட்டிவிடலாம். அமெரிக்கக் கல்லூரி விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

மற்றொரு விதி நெடிய வீரர்களுக்குச் சாதகமானது. என்பிஏ தொழில்முறை ஆட்டத்தில், எவரையும் நெருங்கிக் காக்காமல் கூடைக்கு முன்னுள்ள வண்ணப் பகுதியில் தடுப்பாட்டக்காரர் மூன்று வினாடிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. கல்லூரி ஆட்டத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. மேலும், கல்லூரி ஆட்டத்தில் அப்பகுதியின் அகலம் 12 அடி. என்பிஏ களத்தில் 16 அடி. சிறிய பகுதியை, நேரக் கட்டுப்பாடின்றி ஒரே நெடிய வீரர் காவல் காக்க முடிகிறது. கல்லூரியில் தடுப்புகளைக் குவித்த சிலர் தொழில்முறை ஆட்டத்தில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கைக்கு முன் கால்

டேவிஸின் கதையில் ஒரு சுவையான திருப்பம் உள்ளது. சிகாகோவில் பள்ளிப் படிப்பைத் தொடங்கியபோது அவர் நெடிய வீரர் அல்லர். பந்தைத் தட்டிச் சென்று ஆட்டத்தை நடத்தும் கார்டு நிலையில் ஆடியவர். பள்ளிப் பருவத்திலேயே ஏறத்தாழ 20 செ.மீ. வளர்ந்து 208 செ.மீ. உயரத்தை எட்டினார். விரித்த கைகளின் நீளம் சுமார் 227 செ.மீ. உடல் நெடிதாயிற்று, கால்களின் வேகமும், பந்தை வைத்திருப்பவர் அடுத்து என்ன செய்வார் என்ற ஊகமும் கார்டு ஆடிய காலத்திலிருந்து அப்படியே அவரிடம் நின்றுவிட்டன.

இந்த ஊகமே நிலையெடுப்பின் அடிப்படை. நெடிய வீரரின் தடுப்புகளில் பெரும்பாலானவை அவர் நேரடியாகக் காக்கும் எதிராளியின் எறிதல்கள் அல்ல. களத்தின் மறுபுறம் வேறொருவர் சக வீரரை ஏமாற்றிவிட்டு உள்ளே பாயும்போது, உதவிக்கு வந்து தடுப்பவையே அதிகம். இதற்கு, அவர் தம்முடைய எதிராளியை விட்டு ஓரிரு அடிகள் கூடையின் பக்கம் நகர்ந்து, அவரையும் பந்தையும் ஒரே பார்வையில் வைத்திருக்க வேண்டும். மிகவும் நெருங்கி நின்றால் உதவிக்கு வரத் தாமதமாகும். மிகவும் விலகினால், பந்து தம் எதிராளிக்கே அனுப்பப்பட்டு எளிதில் கூடை விழும். இந்த இரண்டுக்கும் இடையிலான சில அடிகளை ஒவ்வொரு முறையும் பந்து இடம் மாறும்போது அவர் புதிதாகக் கணிக்கிறார். ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான முறை நடக்கும் இச்சிறு நகர்வுகளைத் தொலைக்காட்சிக் கேமரா பெரும்பாலும் காட்டுவதில்லை. அது பந்தையே பின்தொடர்கிறது.

இன்றைய ஆட்டத்தின் மிகப் பரவலான தாக்குதல் உத்தியான ‘பிக் அண்ட் ரோல்’ இக்கணிப்பை மேலும் கடினமாக்குகிறது. எதிரணியின் நெடிய வீரர், பந்தை வைத்திருப்பவரைக் காப்பவரின் வழியில் திரைபோல நிற்பார். அதைப் பயன்படுத்திப் பந்தை வைத்திருப்பவர் விடுபட்டு ஓட, திரை அமைத்தவர் கூடையை நோக்கித் திரும்புவார். ஒரே கணத்தில் தடுக்கும் நெடிய வீரரின் முன் இருவர். பல அணிகள் இங்கே கையாளும் முறை ‘டிராப்’ எனப்படுகிறது. நெடிய வீரர் முன்னேறிப் பாயாமல் பின்வாங்கி, உடலைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையைப் பந்தை நோக்கியும் மறு கையை உள்ளே வரும் எதிராளியின் பக்கமும் நீட்டி, சக வீரர் திரையைச் சுற்றி வந்து சேரும்வரை காலம் கடத்துகிறார். முதலில் குதிப்பவர் தோற்பார் என்பது இங்கே எழுதப்படாத விதி.

இம்முறைக்கு விலையும் உண்டு. திரை அமைத்தவர் கூடைக்கு ஓடாமல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே விலகி நின்று குறிதவறாமல் எறியக் கூடியவராக இருந்தால், பின்வாங்கி நிற்பவர் எட்டாத தூரத்தில் இருப்பார். எதிரணிகள் இதை அறிந்தே நெடிய காவலரைக் கூடையிலிருந்து வெளியே இழுக்க முயல்கின்றன.

ஐந்தாவது தவறின் அச்சம்

ஐந்து தனிநபர் தவறுகளுடன் கல்லூரி வீரரின் ஆட்டம் முடிந்துவிடுகிறது. என்பிஏ-வில் இந்த எல்லை ஆறு. பந்தைத் தட்ட முயலும் ஒவ்வொரு முறையும் எறிபவரின் கையில் படும் அபாயம் இருப்பதால், நெடிய வீரருக்கு இதுவே மிகப் பெரிய சிக்கல்.

இதிலிருந்து காப்பது செங்குத்துக் கோட்பாடு. தரையில் தாம் நிற்கும் இடத்துக்கு நேர் மேலுள்ள வெளி முழுவதும் அவ்வீரருக்கே உரியது. கைகளை நேராக உயர்த்தி, முன்னோக்கிச் சாயாமல் மேலே குதித்தால், எறிபவர் வந்து மோதினாலும் தவறு தடுப்பவருடையது அன்று. டேவிஸ் கல்லூரியில் ஆடிய 2011-12 பருவத்தில்தான் கூடைக்குக் கீழே 3 அடி ஆரமுள்ள அரைவட்டம் கல்லூரிக் களங்களில் அறிமுகமானது. அதற்குள் உதவிக்கு வந்து நின்று, மோதலை வாங்கி எதிராளி மீது தவறு பெறும் வழி அடைபட்டது. ஆனால், அங்கே நேராகக் குதித்துத் தடுக்கும் உரிமை நீடித்தது. 2015-16-இல் அந்த அரைவட்டம் 4 அடியாக விரிவாக்கப்பட்டது.

அப்பருவத்தில் கென்டக்கி தோற்றது இரண்டே ஆட்டங்களில். அவற்றில் ஒன்று, 2011 டிசம்பர் 10 அன்று இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு எதிரானது. தவறுகள் சேர்ந்ததால் டேவிஸ் நெடுநேரம் இருக்கையில் அமர வேண்டியதாயிற்று. கடைசி நொடியில் கிறிஸ்டியன் வாட்ஃபோர்ட் வீசிய மூன்று புள்ளி எறிதலால் இண்டியானா 73-72 என வென்றது. காவலர் வெளியே அமர்ந்த நேரத்தில் கூடைக்கு முன்னுள்ள பகுதி எப்படித் திறந்துபோகும் என்பதை அந்த ஆட்டம் காட்டியது. பயிற்சியாளர் ஜான் கலிபாரியின் அணி அதன்பின் தொடர்ந்து 24 ஆட்டங்களில் வென்றது.

தட்டிய பந்து எங்கே செல்கிறது?

அதற்கு ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 3 அன்று, வட கரோலினா பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்தில் கென்டக்கி 73-72 என ஒரே புள்ளி முன்னிலையில் இருந்தது. இறுதி நொடிகளில் பந்து வட கரோலினாவின் ஜான் ஹென்சன் கைக்கு வந்தது. அவரும் நெடிய உடலும் நீண்ட கைகளும் கொண்ட, தடுப்புக்குப் பெயர்பெற்ற வீரர். அவர் எறிந்த பந்தை டேவிஸ் தடுத்தார். அதோடு நிற்காமல், அதைத் தாமே கைப்பற்றவும் செய்தார். எஞ்சிய நொடிகள் அப்படியே கரைந்தன.

அந்தப் பந்தைப் பார்வையாளர் வரிசைக்கு விசிறியடித்திருந்தால் காட்சி இன்னும் கவர்ச்சியாக இருந்திருக்கும். ஆனால், பந்து களத்துக்கு வெளியே சென்றால் அது மீண்டும் எதிரணிக்கே வழங்கப்படும். வட கரோலினாவுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்கக்கூடும். பந்தை மென்மையாகத் தட்டி, களத்துக்குள்ளேயே சக வீரர் பக்கம் விழச் செய்யும் இக்கலைக்கு முன்னோடி பில் ரசல். ஆட்ட ஏட்டில் இரண்டு வகைத் தடுப்பும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன; பயிற்சியாளர்களின் கணக்கில் அவை ஒன்றல்ல.

தடுக்காமல் வென்ற இறுதிப் போட்டி

2024 ஏப்ரல் 8 அன்று அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேல் நகரில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் கிளிங்கனின் எதிரே நின்றவர் பர்டூ பல்கலைக்கழகத்தின் 224 செ.மீ. உயர வீரர் சாக் ஈடி. அவருக்கு எதிராகப் பெரும்பாலான அணிகள் இருவரை அனுப்பிச் சூழ்ந்துகொள்ளும். அப்போது வெளியே தனித்து நிற்கும் சக வீரருக்கு ஈடி பந்தை அனுப்ப, மூன்று புள்ளிகள் விழும். கனெக்டிகட் பயிற்சியாளர் டான் ஹர்லி வேறு வழியைத் தேர்ந்தார். ஈடியைப் பெரும்பாலும் நெடிய வீரர் ஒருவரே காக்க, மற்ற நால்வரும் தத்தம் எதிராளிகளை விட்டு நகரவில்லை.

ஈடி 37 புள்ளிகள் குவித்தார். ஆனால், பர்டூ அணி முழு ஆட்டத்திலும் மூன்று புள்ளி எறிதலுக்கு 7 முறை மட்டுமே முயன்றது. விழுந்தது ஒன்றே ஒன்று. கனெக்டிகட் 75-60 என வென்று தொடர்ந்து இரண்டாவது ஆண்டாகப் பட்டத்தைக் கைப்பற்றியது. எதிராளியின் உடல் பலத்தைத் தனியாகத் தாங்கி, உதவி கேட்காமல் நின்றதே அன்று கிளிங்கனிடம் அணி எதிர்பார்த்த பணி. அதே ஆண்டு நடைபெற்ற என்பிஏ வீரர் தேர்வில் போர்ட்லேண்ட் அணி அவரை 7-ஆவது இடத்தில் தேர்ந்தது. 37 புள்ளிகள் குவித்த ஈடி 9-ஆவது இடத்தில் மெம்பிஸ் அணிக்குச் சென்றார்.

2012 ஜூன் 28 அன்று நடைபெற்ற வீரர் தேர்வில் முதலிடத்தில் அழைக்கப்பட்ட பெயர் அந்தோனி டேவிஸ். அவரைத் தேர்ந்தது, பத்தில் ஒரே ஒரு முறை மட்டுமே கூடை சேர்த்து அவர் பட்டம் வென்ற அதே நியூ ஆர்லியன்ஸ் நகரின் அணி.