மருதனார்மடத்து மொறிஸ் மைனர் சொல்லும் பாடம்

சகோதரிகளே! கார், என்ஜின், கிறீஸ் என்றதும் "அது ஆண்கள் சமாச்சாரம்" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தக் காரின் பின் ஆசனத்தில் உட்காருவது யார்? நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தானே! அது வாடகைக்கு ஓடும் காராக இருந்தால், நின்றுபோன அன்று அடுப்படியில் நின்று செலவுக் கணக்குப் பார்ப்பவரும் நீங்கள்தான். ஆகவே சற்றுப் பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால், இணுவிலைத் தாண்டியதும் மருதனார்மடம் வரும். சந்தியில் மரக்கறிச் சந்தை. பெண் பிள்ளைகளின் கல்விக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் 1913-ல் நிறுவிய கல்லூரியும் இந்த ஊரில்தான் இருக்கிறது. சுற்றிவரச் செம்மண் தோட்டங்கள். இந்த வீதியில் ஒரு காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் சர்வசாதாரணமாக ஓடின. இன்று புதிய வாகனங்களுக்கு நடுவே எப்போதாவது ஒன்று, உருண்டை முகமும் விழித்த கண்களுமாக, மெல்ல உறுமிக்கொண்டு போகும். அறுபது வயதைக் கடந்த கார் அது! நம்மில் பலருக்கு அந்த வயதில் முழங்கால் வலி வந்துவிடுகிறது. இந்தக் கார் மட்டும் எப்படி ஓடுகிறது?

ஆயுள் எங்கிருந்து வந்தது?

மொறிஸ் மைனர் 1948-ல் இங்கிலாந்தில் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற 'மினி' காரை உருவாக்கியவரும் இவரே. 1970-களின் தொடக்கம் வரை சுமார் 16 இலட்சம் மொறிஸ் மைனர்கள் செய்யப்பட்டன. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய, சாதாரண மனிதர் பழுது பார்க்கக்கூடிய கார் என்பதே அதன் பெருமை.

இலங்கையில் 1960-களிலும் 70-களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1977-க்குப் பிறகே கதவு திறந்தது. ஆகவே கையில் இருந்த காரைக் கண்ணாகக் காப்பாற்றும் பழக்கம் நாடெங்கும் வேரூன்றியது.

யாழ்ப்பாணத்துக்கு அதைவிடப் பெரிய சோதனை 1990-ல் வந்தது. போர் மீண்டும் மூண்டதும் பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகங்கள் எல்லாம் வடக்குக்கு வருவது தடைப்பட்டது. அப்போது அந்த மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்!

பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் இலகுவாக ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும். அதனால் ஒரு சிறு போத்தலில் பொக்கிஷம்போல் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு என்ஜினை ஸ்ரார்ட் செய்வார்கள். என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி இல்லாத குறையை முன்பக்கம் செருகிச் சுழற்றும் ஹாண்டில் தீர்த்தது. இங்கிலாந்தில் பழைய உழவு இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடியதும் இதே தத்துவத்தில்தான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சரியாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனின் பக்கமாகக் கீழே வழிந்து என்ஜின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீர்போல் இளகிவிடும். பிளக்கில் கரி படியும். "ஒயிலை அடிக்கடி தொட்டுப் பார், பிளக்கைக் கழற்றித் துடை" என்ற அறிவுரையை ஒரு சாரதி இன்னொரு சாரதிக்குச் சொன்னார். அவர் அடுத்தவருக்குச் சொன்னார். எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் அவர்கள் இதைக் கற்கவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோதும் இந்தக் கிழட்டுக் கார்கள் நோயாளிகளையும் முதியோரையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்தன.

பறிக்க முடியாத சொத்து

இங்கே நம் நெஞ்சைத் தொடும் இன்னொரு செய்தியும் உண்டு. 1990 ஒக்டோபர் 30-ம் திகதி யாழ் நகரத்து முஸ்லிம் குடும்பங்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வீடு, கடை, நகை, வாகனம் எல்லாவற்றையும் விட்டே நம் சகோதரிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பலர் புத்தளத்து முகாம்களில் வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கினார்கள். அந்த நிலையிலும் தையல் தெரிந்தவரிடம் தையல் இருந்தது. இரும்பு வேலை தெரிந்தவரிடம் அது இருந்தது. கையில் உள்ள தொழிலை எந்தச் சோதனைச் சாவடியிலும் கழற்றி வாங்க முடியாது. அதனால்தான் பழைய காரைக் காக்கும் அறிவையும் ஒரு சொத்தாக எண்ணச் சொல்கிறோம். அந்தச் சொத்தில் வீட்டில் இருக்கும் உங்களுக்கும் பங்கு வேண்டும்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பழைய கார் வைத்திருப்போர் சந்தித்தால் ஒருவருக்கொருவர் திரும்பத் திரும்பச் சொல்லும் சில விஷயங்களை இங்கே தருகிறோம். ஸ்பானர் பிடிக்க வேண்டியதில்லை. கேட்கவும் கவனிக்கவும் தெரிந்தால் போதும்.

1. முன் சில்லின் கிங்பின்: மொறிஸ் மைனரில் உயிரோடு விளையாடும் இடம் இதுதான். முன் சில்லு இரண்டும் திரும்புவதற்கு உதவும் கிங்பின்னின் மேல், கீழ் மூட்டுகளுக்குக் கிறீஸ் அடிக்கச் சிறு நிப்பிள்கள் உண்டு. சுமார் 1000 மைலுக்கு, அதாவது 1600 கிலோமீற்றருக்கு ஒரு தடவை கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் மூட்டின் மரை தேய்ந்து, ஓடும்போதே சில்லு கழன்று உள்ளே மடிந்துவிடும். செம்மண் புழுதி படிந்த நிப்பிளைத் துடைக்காமல் கிறீஸ் அடித்தால் மண்ணும் சேர்ந்து உள்ளே போய் அரம்போல் அராவும். இன்னொரு நுட்பம்: காரை ஜாக்கியில் உயர்த்தி, சில்லின் மேல் பாரம் இல்லாதபோது அடித்தால்தான் கிறீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகும். அப்படி உயர்த்தியிருக்கும்போதே சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் இருந்தால் பயணம் வேண்டாம். மாற்றும்போது கவனம்: இடப் பக்கத்துக்கும் வலப் பக்கத்துக்கும் மரை வேறு வேறு.

2. பிரேக்: மொறிஸ் மைனரில் பிரேக் ஒயில் ஊற்றும் மூடி என்ஜின் பக்கத்தில் இல்லை. சாரதியின் காலடியில், விரிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது! புதிதாக வரும் மெக்கானிக் அதைக் காணாமல் விட்டுவிடக்கூடும். இந்தக் கார்களில் நாலு சில்லுக்கும் ஒரே பிரேக் குழாய்த் தொடர். ஓரிடத்தில் ஒழுகினால் நாலும் போய்விடும். எனவே மிதி வழமையைவிட ஆழமாக இறங்குகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடாதீர்கள். பிரேக் ஒயிலுக்குப் பதிலாக என்ஜின் ஒயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

3. தண்ணீர்: வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. பிறகு கார் ஏன் சூடாகிறது என்று தேடி அலைவார்கள். மாரி காலத்தில் கூரையிலிருந்து பிடித்த சுத்தமான மழைத் தண்ணீரை ஒரு கானில் எடுத்து வையுங்கள். றேடியேற்றருக்கு அது நல்லது. ஆவி நிறைந்த பிரஷர் குக்கரை நீங்கள் திறப்பீர்களா? அதுபோல் சூடான றேடியேற்றரின் மூடியையும் பிள்ளைகள் திறக்க விடாதீர்கள்.

4. பற்றரி: இன்றைய கார்களில் பற்றரியின் கழித்தல் முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். மொறிஸ் மைனரிலும் அக்காலத்துப் பல பிரித்தானியக் கார்களிலும் கூட்டல் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் பற்றரியை மாற்றிப் பூட்டினால் டைனமோவும் வானொலியும் பழுதாகலாம். ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி பற்றரிக்கு அருகே ஒட்டிவிடுங்கள்.

5. வால்வ் இடைவெளி: பழைய பெற்றோலில் கலந்திருந்த ஈயம் வால்வ் உட்காரும் இடத்துக்கு மெத்தைபோல் உதவியது. அந்த ஈயம் மூளையைப் பாதிக்கும் நஞ்சு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு. இலங்கையில் 2002-ல் அது நிறுத்தப்பட்டது நல்ல காரியம். ஆனால் பழைய என்ஜினில் மெத்தை போனதால் வால்வ் மெல்ல உள்ளே இறங்கி, இடைவெளி குறைந்து, கடைசியில் கருகிவிடும். குளிர்ந்த என்ஜினில் அந்த இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு இருக்க வேண்டும். அடிக்கடி அளந்து பார்ப்பவர்கள் தப்பிக்கிறார்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் வால்வ் இருக்கைகளைக் கடினமான உலோகத்தில் மாற்றிப் போடலாம்.

6. துரு: இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பே எலும்பு. தரைத் தகடும் பின் வில்லுப் பூட்டும் இடமும் துருப்பிடித்தால் கார் பலவீனமாகிவிடும். மழையில் நனைந்த கால்விரிப்பை எடுத்து வெயிலில் காயப் போடுங்கள். இந்தச் சின்ன வேலை பெரிய வெல்டிங் செலவை மிச்சப்படுத்தும்.

7. ஹாண்டில்: வீட்டில் வாலிபப் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள். ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். என்ஜின் திருப்பி உதைத்தால், சுற்றிப் பிடித்த பெருவிரல் முறிந்துவிடும்.

பந்தயக் காரின் உறவு

வேடிக்கையான ஒரு செய்தி! 1952-க்குப் பிறகு வந்த மொறிஸ் மைனரின் என்ஜின் குடும்பம்தான், இங்கிலாந்தில் 1958-ல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கும், 1961-ல் வந்த எம்.ஜி. மிட்ஜெற்றுக்கும் உயிர் கொடுத்தது. நம் ஊரில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜின் 1489 சி.சி. என்ஜினுக்கும், 1955-ல் அறிமுகமான எம்.ஜி.ஏ. என்ற அழகிய ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜினுக்கும் மூலம் ஒன்றே. மேல்நாட்டில் ஓய்வு நாளில் பளபளக்கத் துடைத்து ஓட்டும் கார்களுக்கும், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் நோயாளியை ஏற்றிப் போன காருக்கும் இரத்த உறவு!

இந்த உறவால் நமக்கு இலாபம் உண்டு. அங்கே ஆயிரக்கணக்கானோர் இவற்றை இன்னும் பேணுவதால் உதிரிப்பாகங்கள் புதிதாகச் செய்யப்படுகின்றன. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனருக்கென்றே நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார், 1990-களில் இலங்கைப் பங்காளியோடு சேர்ந்து நம் நாட்டின் தெற்கிலேயே உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். இலங்கைக் கைவினைஞர் தட்டிய தகடுகள் இங்கிலாந்துக்குப் போயின. நல்ல காரை வீசிவிட்டுப் புதிது வாங்குவது வீண்விரயம் என்பது அவர் வாதம். நம் வீடுகளில் மூத்தவர்கள் சொல்லாததா இது?

யார் கற்பது?

நல்ல காரியத்தில் ஒரு கவலையும் இருக்கிறது. இந்தக் கார்களின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொன்ன கைகள் முதுமையடைந்துவிட்டன. இளைய மெக்கானிக்குகள் கணினியைப் பொருத்திப் பழுது பார்க்கும் காலம் இது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கம் வரை வழி அடைபட்டிருந்தபோது பழைய வாகனத்தின் அருமை திரும்பவும் தெரிந்தது. ஆனால் காரை விற்பனைக்குத் தேடலாம். அதைப் பராமரிக்கத் தெரிந்த மனிதரை எங்கே தேடுவது?

இங்கேதான் உங்கள் உதவி தேவை, சகோதரிகளே. பிள்ளைகளின் பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றை எடுங்கள். காரின் பெயர், வருடம், என்ஜின் எண் ஆகியவற்றை முதற் பக்கத்தில் எழுதுங்கள். ஒயில் மாற்றிய திகதி, கிறீஸ் அடித்த திகதி, அப்போதைய மைல் கணக்கு, செலவு இவற்றை ஒவ்வொரு வரியில் குறியுங்கள். வாப்பாவோ மாமாவோ பழைய வேலைக்காரராக இருந்தால் அவர் வாயிலிருந்து வரும் நுணுக்கங்களையும் எழுதி வையுங்கள். தேநீர் கொடுத்துக் கேட்டால் சொல்லாமலா விடுவார்கள்? மகனை மட்டுமன்றி மகளையும் பக்கத்தில் உட்கார்த்துங்கள். நாளை தனியே பயணம் போகும் பிள்ளைக்கு அது உதவும்.

உங்கள் வீட்டில் கார் இல்லையா? தையல் இயந்திரம், தண்ணீர் இறைக்கும் மோட்டர், மின்விசிறி ஏதாவது ஒன்று இருக்கும். கொப்பி அதற்கும் பொருந்தும்.

காரோ, வானோ இருக்கும் வீடாக இருந்தால், இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முன் சில்லுக்குக் கடைசியாக எப்போது கிறீஸ் அடித்தது?" பதில் உடனே வந்தால் சந்தோஷம். யோசித்தால், விடிந்ததும் முதல் பயணம் கராஜுக்குப் போகட்டும்!