உங்களுக்குத் தெரியுமா? கடலூர்க் களத்தில் ஒரு ஜெர்மானியத் தளபதி

நெல்லிக்குப்பத்தை அடுத்துள்ள கடலூரை 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர் மைசூர்ப் படையின் துணையோடு கைப்பற்றியிருந்தனர்; அதை மீட்க 1783 ஜூனில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையில் முற்றுகையிட்ட ஆங்கிலேயப் படையில் ஜெர்மானிய வீரர்களும் இடம்பெற்றிருந்தனர். பிரிட்டன் அரசர் மூன்றாம் ஜார்ஜ், வட ஜெர்மனியிலிருந்த ஹானோவர் நாட்டின் 'எலெக்டராக', அதாவது புனித ரோமானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற சிற்றரசராகவும் விளங்கியதால், அந்நாட்டின் இரு படைப்பிரிவுகள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டிருந்தன.

ஜூன் 13 அன்று நடந்த கடும் போரில் இரு தரப்பிலும் பெரும் இழப்பு ஏற்பட்டது. ஜூன் 20 அன்று சஃப்ரான் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படையோடு மோதிய ஆங்கிலக் கப்பற்படை சென்னைக்குத் திரும்பியதால் முற்றுகையிட்டவர்களின் நிலை மேலும் நெருக்கடிக்குள்ளானது. ஜூன் 25 அன்று கோட்டைக்குள்ளிருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை திடீரென வெளிவந்து தாக்கியபோது முறியடிக்கப்பட்டது. சில நாட்களில் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி எட்டவே போர் நின்றது.

ஜூன் 25 தாக்குதலில் காயமுற்றுச் சிறைப்பட்ட பிரெஞ்சுச் சார்ஜன்ட் ஒருவரை ஹானோவர் அதிகாரி வாங்கன்ஹைம் பரிவோடு பேணினார் என்றும், பிற்காலத்தில் வாங்கன்ஹைம் ஜெனரலாக இருந்தபோது, 1804 முதல் ஹானோவரை ஆண்ட நெப்போலியனின் மார்ஷல் பெர்னதோத், 'அந்தக் கைதி நானே' என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார் என்றும் ஒரு கதை ஐரோப்பாவில் பரவியது. ஆயினும் 1818இல் ஸ்வீடன் அரசரான பெர்னதோத் இந்தியாவுக்கு வந்தார் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லாததால், வரலாற்றாசிரியர்கள் அக்கதையை ஏற்பதில்லை.