பென்ஷனும் புரவியும்

சாதாரண டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது, இவருக்கு உண்டு. 2021-இல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பஸ் செலவு என்றால் அது இவர் செலவுதான். “உனக்கென்ன, ராஜாத்தி” என்று சொல்லிக்கொண்டே கண்டக்டரிடம் சில்லறையை எண்ணிக் கொடுப்பார். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவோடு போனது போனதுதான். அது இருந்த காலத்திலும் ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 என்று எனக்குத்தான் ஒரு படி கூடுதல். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அரசாங்கம் என் பக்கம்.

இவர் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில் இருந்தவர். கொதிகலன் பாகங்களை உலையில் ஏற்றி, எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம், பிறகு எவ்வளவு மெதுவாக ஆறவிடுவது என்பதிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தார். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவள். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, காட்டூர் பக்கம் கட்டிவைத்திருந்த சொந்த வீட்டுக்கு வந்தோம்.

ஓய்வு பெற்ற புதிதில் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. பணமுடிப்பு, பொன்னாடை, பிரிவு உபசார விழாவோடு கதையை முடித்துவிடுகிறார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த மனுஷன் எங்கே போவார்? சமையலறைக்குத்தான் வருவார். இவர் என் மளிகை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். அரிசிக்கு அடுத்தது உப்பு, கடுகு எங்கோ தள்ளி. தாளிக்கும் அவசரத்தில் நான் கடுகைத் தேட, “க வரிசையில பாரு” என்றார். இரண்டு பேரும் பேசாமல் இருந்த நாட்கள் அவை. எங்களுக்குத் தெரிந்த ஓய்வூதியர் வீடுகளில் பாதியிலாவது இப்படி ஒரு டப்பா கதை உண்டு. சில வீடுகளில் அது டப்பாவோடு முடியவில்லை.

எல்லோரும் செய்வதைப்போல நாங்களும் வேன் பிடித்து நவக்கிரகச் சுற்றுலா போனோம். விடியலில் ஏறினால் ராத்திரிக்குள் ஒன்பது கோயில். ஒவ்வொரு வாசலிலும் “இருபது நிமிஷம்தான், சீக்கிரம் வந்துருங்க” என்று வழிகாட்டி கத்துவார். சனி பகவானிடம்கூட நின்று பேச முடியவில்லை. திரும்பி வந்ததும் இவர் கால் வீங்கிப் படுத்துவிட்டார். அத்தோடு அந்த வகை யாத்திரையை நிறுத்திக்கொண்டோம்.

குதிரைகள் அதற்குப் பிறகு வந்தன. வந்தன என்றால், அவை அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தன. எங்களுக்குத்தான் நின்று பார்க்க நேரம் வந்தது. புதுக்கோட்டையைத் தாண்டித் திருமயம் பக்கம் போனால் நமணசமுத்திரம். அங்கே அய்யனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இரு பக்கமும் நூற்றுக்கணக்கில் மண் குதிரைகள் வரிசை கட்டி நிற்கின்றன. வாயைத் திறந்து, பல்லைக் காட்டி, முழியை உருட்டிக்கொண்டு, கழுத்தில் மணிமாலையோடு. முன்வரிசையில் வண்ணம் மாறாத புதுக் குதிரைகள். அவற்றுக்குப் பின்னால் காலொடிந்தவை, தலை போனவை. இன்னும் பின்னால் வெறும் ஓட்டுச் சில்லுகள், அவற்றின் நடுவே முளைத்த செடிகள். பழையதை யாரும் அப்புறப்படுத்துவதில்லை, ஒட்டவைப்பதும் இல்லை.

இவருக்குக் கோயில் ஈடுபாடு குறைவு. தொழிற்சங்கக்காரர். நான் உள்ளே போனால் செருப்புக்குக் காவலாக வெளியே நிற்பார். அய்யனார் கோயிலிலோ உள்ளே, வெளியே என்ற கறாரான பிரிவே இல்லை. மரத்தடிதான் மண்டபம். அங்கே இவர் ஒரு உடைந்த குதிரையின் வயிற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: “உள்ள ஹாலோ. இந்த சைஸை வெடிக்காம எப்படிச் சுட்டிருப்பான்?”

அந்தக் கேள்விதான் எங்களை, மண் குதிரை செய்யும் வேளார்களின் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனது. கண்மாய் மண்ணை மணலும் உமியும் வைக்கோல் துண்டுகளும் கலந்து மிதிக்கிறார்கள். கால் நான்கும் குழாய்கள். அதன்மேல் வயிறு, பிறகு நெஞ்சு, கழுத்து. கீழே செய்தது ஓரளவு காய்ந்து பாரம் தாங்கினால்தான் மேலே அடுத்த சுற்று மண்ணை ஏற்றலாம். வெயில் சரியாக இருந்தால் வேலை ஓடும், மழை பிடித்தால் நிற்கும். சுடும்போது உமியும் வைக்கோலும் எரிந்து மண்ணுக்குள் நுண்துளைகளை விட்டுவிடுகின்றன. ஈரம் ஆவியாகி வெளியேற அதுவே வழி. உள்ளே பொள்ளலாக இருப்பதும், உடம்பில் ஓட்டைகள் விடுவதும் அதற்காகத்தான். வைக்கோல், வறட்டி, விறகு போட்டு மூடிச் சுடுகிறார்கள். சூட்டை அளக்கக் கருவி எதுவும் இல்லை. புகையின் நிறத்தைப் பார்த்தே அங்கிருந்த வேளார் பெரியவர் சொல்லிவிடுகிறார். இவர் அன்றைக்குப் பெரியவர் முன்னால் கைகட்டி நின்றார். இத்தனை வருஷத்தில் நான் அப்படி இவரைப் பார்த்ததில்லை.

பேச்சுவாக்கில் ஒரு யோசனையும் சொன்னார்: “ஐயா, காலுக்குள்ள ஒரு கம்பி குடுத்துட்டா உடையவே உடையாதே?”

பெரியவர் சிரித்தார். “உடையலேன்னா அடுத்த வருஷம் எங்களுக்கு யாரு பிடிமண் குடுப்பா, சார்?”

பிடிமண் என்பது முன்பணத்தைவிடப் பெரிய சங்கதி. ஊர்க்காரர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் முறைப்படி கொடுத்தால்தான் குதிரை வேலை தொடங்கும். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மாவட்டங்களில் வைகாசி தொடங்கி ஆடி, ஆவணி வரை ஊருக்கு ஊர் புரவி எடுப்பு நடக்கிறது. செய்த குதிரைகளைப் புரவிப் பொட்டலில் நிறுத்தி, மாலை சாத்தி, கம்புகளில் கட்டி, தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். சிங்கம்புணரி வட்டாரத்தில் முதலில் போவது அரண்மனைப் புரவி, அதற்குப் பின்னால்தான் நேர்த்திக்கடன் புரவிகள். ஜமீன் ஒழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது, குதிரை வரிசையில் மட்டும் அரண்மனைக்கு இன்னும் முதல் இடம். இப்போது பல கோயில்களில் சிமெண்ட் குதிரை வைக்கிறார்கள். பெயிண்ட் அடித்தால் பளபளக்கும், மழைக்கும் அசையாது. ஆனால் சிமெண்ட் குதிரை வந்த ஊரில் வேளாருக்கு அந்த வேலை அதோடு முடிந்தது. எனக்கு அந்தக் குதிரைகளைப் பார்க்கவே பிடிப்பதில்லை, கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

வகுப்பில் நான் வருஷா வருஷம் மார்க்கோ போலோவைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தவர். இங்கே குதிரை வளர்வதில்லை, ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கப்பலில் வருகிறது, ராஜாக்கள் கஜானாவைக் கொட்டி வாங்குகிறார்கள், வருஷம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று எழுதிவைத்தார். குதிரைப் பக்குவம் தெரிந்தவர் இந்த நாட்டில் இல்லை, அப்படிப்பட்டவர் வந்து சேராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்பதும் அவர் குறிப்புதான். குதிரை பிழைத்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமே! கடல்வழியே குதிரை இறங்கியதைச் சங்க நூலான பட்டினப்பாலையும் பேசுகிறது. ஆக ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நாம் குதிரையை வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறோம். வேளார் பெரியவர் சிரித்தபோது எனக்கு அந்த ஓர்முசு வியாபாரிதான் நினைவுக்கு வந்தான். கணக்கு ஒன்றுதான். ஆனால் இங்கே எந்த உயிரும் சாகவில்லை. கிடைக்கும் கூலியும் கண்மாய்க்கரையைத் தாண்டிப் போகவில்லை.

இதை நான் சொன்னபோது, எங்களோடு ஊர் சுற்ற வரும் பாய் முறைத்தார். போக்குவரத்துக் கழகத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ராவுத்தர். “எங்க முன்னோருங்கள ஏன் டீச்சர் வம்புக்கு இழுக்கிறீங்க” என்றார். குதிரை வியாபாரமும் குதிரைப்படைச் சேவகமும் செய்த வம்சம் என்ற பெருமை அவருக்கு நிறைய. அவர் வாழ்நாளில் குதிரைமேல் ஏறியதில்லை என்பது வேறு விஷயம். எங்கள் கோஷ்டியில் இன்னொருவர் என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர். வெள்ளைக் குதிரையில் வாளேந்தி வரும் சந்தியாகப்பர்மேல் அவருக்குத் தனிப் பக்தி. ஜூலை 25 திருநாளை ஒட்டி ராமேசுவரத் தீவில் தங்கச்சிமடத்து ஆலயத்துக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். இவர் வழக்கம்போலச் செருப்புக்குக் காவல், பாய் துணைக்கு.

ஆவுடையார்கோயிலில் மட்டும் எல்லோரும் உள்ளே போனோம். அந்தக் காலத்துத் திருப்பெருந்துறை இதுதான். குதிரை வாங்கிவரப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னையெல்லாம் மாணிக்கவாசகர் இங்கே கோயிலுக்குச் செலவழித்துவிட்டார் என்பது கதை. நரிகள் பரிகளாகி மதுரைக்குப் போய், ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி நரிகளாகி லாயத்தைக் கலைத்தது எல்லோருக்கும் தெரியும். பெரிய உத்தியோகத்தில் இருந்தவர் ஒரே நாளில் அதை உதறியதைத்தான் எங்கள் ஓய்வூதியர் கூட்டம் வெகு நேரம் பேசியது. “ஆடிட்டுல மாட்டியிருப்பார்” என்றார் பாய். கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டும். படைகல்லில் வடித்த புழுங்கலரிசிச் சோற்றைக் கொட்டுகிறார்கள். சோற்றிலிருந்து எழும் ஆவிதான் சாமிக்கு நைவேத்தியம். நீராவிக் கொதிகலன்களுக்காக வேலை பார்த்த மனுஷன் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அரை மணி நேரம் பேசவில்லை. சாமி கும்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. சில விஷயங்களைக் கேட்டால் மறுத்துவிடுவார்கள்.

வெளியூர் போகாத நாட்களையும் சொல்ல வேண்டும், அவைதான் அதிகம். விடிகாலையில் இவர் பால் வாங்கி வருவார், நான் காபி போடுவேன். ஞாயிறு முதல் சனி வரை அறை பிரித்த மாத்திரைப் பெட்டியை இவர்தான் நிரப்புவார். அதில் அகர வரிசை இல்லை, நல்லவேளை. பத்து மணிக்கு டீக்கடை பெஞ்சில் பாய். மத்தியானம் வெளிநாட்டிலிருந்து மகள் வீடியோவில் வருவாள். “இந்த வயசுல எதுக்கும்மா வெயில்ல அலையறீங்க?” என்பாள். அவளுக்கு நான் சொல்லாத பதில் ஒன்று உண்டு: பேச வேறு விஷயம் கிடைத்திருக்கிறது. முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குள் பேச்சு சர்க்கரை அளவு, கரண்ட் பில் என்று போகும். இப்போது குளமங்கலம் அய்யனார் கோயிலின் பெரிய குதிரைக்கு எப்படி அஸ்திவாரம் போட்டிருப்பார்கள் என்று சண்டை போடுகிறோம்.

ஆனால் வயதான பெண்கள் ஊர் சுற்றுவதற்குப் பக்தியைவிட முக்கியமானது கழிப்பறை. இதை எந்த ஆன்மிகச் சுற்றுலா இதழும் எழுதுவதில்லை. கிராமத்துக் கோயில்களில் பெரும்பாலும் கிடையாது. தண்ணீர் குடிக்காமலே போய் வந்து நீர்க்கடுப்பில் அவதிப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். நானும் கணக்கு டீச்சரும் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். எந்த ஊரில் எந்தப் பெட்ரோல் பங்க், எந்த ஓட்டல், எது சுத்தம், எங்கே சாவி கேட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் பயணத் திட்டம் அந்த நோட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

உயிருள்ள குதிரையைத் தேடியும் போயிருக்கிறோம். கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்களுக்கு நடுவே மட்டக்குதிரைகள் மேய்கின்றன. யாரோ என்றோ வளர்த்து விட்டவற்றின் வாரிசுகள், இப்போது யாருக்கும் சொந்தமில்லை. ஆடியில் அந்தியூர். குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையில் மாட்டோடு குதிரையும் விலைக்கு வரும். பாய்க்கு அங்கேதான் வம்ச ரத்தம் கொதித்தது. ஒரு கத்தியவாரிக் குதிரையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயது சொன்னார். தப்பாகச் சொன்னார். குதிரைக்காரர் கோபப்படவில்லை, “ஐயா, எங்க கட்டிப் போடுவீங்க?” என்று மட்டும் கேட்டார். பாய் இருப்பது இரண்டாம் மாடி.

இவர் அதற்குள் லாடம் அடிப்பவரிடம் உட்கார்ந்துவிட்டார். குளம்பை எந்த அளவுக்குச் சீவலாம், ஆணியை எந்தச் சாய்வில் இறக்கினால் சதையில் படாது, என்ன இரும்பு, எங்கே வாங்குவது. அந்த இளைஞரும் சளைக்காமல் பதில் சொன்னார். ஒவ்வொரு காலாக முடியும்வரை இவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் பிடிக்க வேண்டிய ஈரோடு பஸ் போய்விட்டது.

பாய் செல்போனை எடுத்தார். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் சோதித்தவருக்கு எந்த ஊரிலும் ஆள் உண்டு. பவானியில் ஒரு பழைய கண்டக்டர் வீட்டில் எங்கள் நான்கு பேருக்கும் ராத்திரித் தோசையும் பாயும் தலையணையும் கிடைத்தன. அந்த அம்மா தேங்காய்ச் சட்னி அரைக்க, நான் வெங்காயம் உரித்தேன். மாசி மகத்துக்குக் குளமங்கலம் போகிறோம் என்றதும் இருவரும் ஆசையாகக் கேட்டார்கள். அங்கே பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை 33 அடி உயரம் என்கிறார்கள். மகத்தன்று அதற்குத் தலையிலிருந்து தரை வரை காகிதப்பூ மாலைகளை ஆயிரக்கணக்கில் சாத்துவார்கள். கண்டக்டர் உடனே பேர் கொடுத்துவிட்டார். அந்த அம்மா என்னைச் சமையலறைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டு, “முட்டி வலிங்க எனக்கு. அங்க பாத்ரூம் வசதி எப்படி?” என்றார். கீரமங்கலம் வரைக்கும் விசாரித்து எழுதிவைத்திருக்கிறேன், அதற்கு அப்பால் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.