பட்டியலில் விழாத ஒரு பைட்

பென் டிரைவை லினக்ஸ் கணினியில் செருகி, டெர்மினலில் ‘எல்எஸ் -எல்’ என்று தட்டினால், ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு முன்னாலும் பத்து எழுத்துகள் வரும். முதல் எழுத்து கோப்பின் வகை. மற்ற ஒன்பதும் உரிமையாளர், குழு, பிறர் என மூன்று தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க அனுமதி உண்டா என்று சொல்பவை. அந்த டிரைவ் ஃபேட் முறையில் அமைந்ததென்றால், இவற்றில் பெரும்பகுதி லினக்ஸ் தன் பங்குக்கு இட்டு நிரப்பியது. ஃபேட்டில் உரிமையாளர் என்ற பேச்சே கிடையாது. 32 பைட் பதிவு ஒன்றில் 12ஆவது பைட், அதில் சில பிட்கள்: படிக்க மட்டும், மறைவு, சிஸ்டம், ஆர்க்கைவ். முதலாவது, ‘டபிள்யூ’ எழுத்து காணாமல் போவதாக வெளிப்படுகிறது. மறைவும் சிஸ்டமும் பட்டியலுக்கு வருவதே இல்லை. ஃபோல்டர்களுக்கு இந்த இரண்டையும் போட்டுவிட்டுப் போகும் வைரஸ்கள் உண்டு. விண்டோஸில் டிரைவ் காலியாகத் தெரியும், லினக்ஸில் எல்லாம் பத்திரமாகத் தெரியும்; ஏன் இந்த வேறுபாடு என்பதற்கு அந்தப் பத்து எழுத்துகளில் தடயமே இராது.

கோப்பு முறை எதை எழுதி வைத்திருக்கிறதோ அதைக் காட்டுவதுதான் பட்டியல் கட்டளையின் வேலை. அந்நியக் கோப்பு முறையில் மட்டும் வரும் சிக்கல் என்றும் இதைத் தள்ளிவிட முடியாது. லினக்ஸின் சொந்த ஈஎக்ஸ்டி4-இல் ஒரு கோப்புக்கு ‘ஐ’ என்ற மாற்றத்தடைக் கொடியை வைத்தால், ரூட் பயனரால்கூட அதை அழிக்க முடியாது. எல்எஸ்ஸோ எழுதும் அனுமதி இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். உண்மையை அறிய ‘எல்எஸ்அட்டர்’ என்ற தனிக் கட்டளையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பத்தெழுத்து வடிவத்தை நம்பி எத்தனையோ ஸ்கிரிப்ட்கள் ஓடுகின்றன, அதில் கைவைக்கலாமா என்பது நியாயமான கேள்வி. கைவைக்க வேண்டியதில்லை, கேட்டால் மட்டும் காட்டினால் போதும். ஃப்ரீபிஎஸ்டியில் ‘-எல்’லுடன் சிறிய ‘ஓ’வும், மேக்கில் பெரிய ‘ஓ’வும் சேர்த்தால் கொடிகள் தனி நெடுவரிசையாக வருகின்றன. (அதே சிறிய ‘ஓ’ லினக்ஸில் குழுவின் பெயரை நீக்கிவிடும். இதுவும் ஒரு ஒற்றுமைதான்!) உள்ளதை உள்ளபடி காட்டினாலும் குழப்பம் வரும் என்பது இதைவிட வலுவான மறுப்பு. விண்டோஸில் ஃபோல்டருக்கு இட்ட ‘படிக்க மட்டும்’ பண்பு, அதற்குள் எழுதுவதைத் தடுப்பதில்லை. ஆனால் அந்தக் குழப்பம் விண்டோஸின் வடிவமைப்பில் இருப்பது. அதை ‘டபிள்யூ’வாகப் பெயர்த்துச் சொன்னால் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்ளும். நெடுவரிசைக்கு இடமில்லை என்றால் ஒற்றைக் குறி போதும். கூடுதல் அனுமதிப் பட்டியல் உள்ள கோப்புக்குப் பத்தெழுத்தின் முடிவில் லினக்ஸின் எல்எஸ் இப்போதே ஒரு ‘+’ போடுகிறது. ‘ஐ’ கொடிக்கு அந்த ஓரெழுத்து இடமும் இல்லை.