அடுக்குக்கட்டித் தாங்கு சுவர்: அடித்தளம் அமைத்தல்

அடுக்குக்கட்டித் தாங்கு சுவர் என்பது, சாந்து வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கான்கிரீட் கட்டிகளால் மேட்டுமண் சரியாமல் காக்கும் சுவராகும். கட்டிகளின் எடையும், மேலே போகப் போகச் சற்றுப் பின்வாங்கும் அமைப்பும் இதற்குப் பலம் தருகின்றன. சிமெண்டுக் கடைக்கால் தேவையில்லை என்பதால் அடித்தளமே வேண்டாம் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். சுவர் விழுவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் அருகே ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. செந்தூர் விரைவு வண்டியில் சென்ற ஏறத்தாழ 800 பேர் வழியில் சிக்கினர். இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அடிமண்தான் போயிற்று.

எனவே முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். அதைத் தோண்டி அகற்றிக் கிராவல் நிரப்புவது நல்லது. சாத்தான்குளம், ராதாபுரம் பக்கத்துத் தேரி மணல் வீங்காது. ஆனால் ஓடும் நீரில் எளிதில் அரிபடும். ஆற்றோர வண்டலில் கால் புதைந்தால் அந்த இடமும் ஆகாது.

1.2 மீட்டர் உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டியின் அகலம் 30 செ.மீ., முன்னும் பின்னும் 15 செ.மீ. விட்டால், வானம் 60 செ.மீ. அகலம் வரும். ஜல்லிப் படுகைக்கு 15 செ.மீ., மண்ணுள் புதையும் முதல் வரிசைக்கு 20 செ.மீ., ஆக ஆழம் 35 செ.மீ. தோண்டிய அடிமண்ணை முதலில் திமிசுக்கட்டையாலோ இயந்திரத்தாலோ இடித்து இறுக்க வேண்டும். படுகைக்குத் தூளும் சிறுகல்லும் கலந்த உடைகல்லே ஏற்றது. ஆற்றுக் கூழாங்கல் உருண்டையாக இருப்பதால் ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவும் (கோலிக்குண்டுகளைக் குவித்துப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை). லேசாக நீர் தெளித்து, இரண்டு அடுக்காகப் பரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்க வேண்டும்.

முதல் வரிசையை நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, கட்டி கட்டியாகச் சரிபார்க்க வேண்டும். இங்கே வரும் சிறு கோணல் மேலே வளர்ந்துகொண்டே போகும். அரை நாள் இதற்கே செலவானாலும் தகும்.

சுவரின் பின்புறம் மட்டும் கணக்கு மாறும்: அங்கே தூளே இல்லாத 20 மி.மீ. ஜல்லியை 30 செ.மீ. அகலத்துக்கு நிரப்பி, அடியில் துளையிட்ட குழாயைப் போட்டு நீரை வெளியேற்ற வேண்டும். நீர் தேங்கினால் மண்ணோடு அதன் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும்.

1.2 மீட்டருக்கு மேற்பட்ட சுவருக்குப் பொறியாளர் கணக்கிட்டு, மண்ணுக்குள் வலை விரிப்பும் வைக்க வேண்டும். வெள்ளம் நேரே மோதும் ஆற்றங்கரையில் அடித்தளம் அரிப்பு எட்டும் ஆழத்துக்கும் கீழே இறங்க வேண்டும். மேலே சொன்ன 35 செ.மீ. அங்கே போதாது.