கடல்நீர்த் தொட்டிக்குப் பாசி மேயும் பிராணிகள்

கடற்கரையை விட்டு வெகு தொலைவில், தில்லி, நாகபுரி, போபால் முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவருள் சிலர், வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை அமைத்து, அதற்கென விற்கும் உப்பைக் கரைத்துக் கடல்நீர் உண்டாக்கி, வண்ண மீன்களை வளர்த்து வருகின்றனர். நன்னீர் மீன் வளர்ப்பைவிட இது கடினமானது; செலவும் மிகுதி. தொட்டி அமைத்த சில வாரங்களுக்குள் கண்ணாடியிலும் மணலிலும் பாசி படரத் தொடங்கிவிடும். உடனே கடைக்குச் சென்று பாசி தின்னும் பிராணிகள் வேண்டும் என்று கேட்கிறோம். கடைக்காரர் இருபது நத்தைகளையும் பத்து நண்டுகளையும் பைகளில் இட்டுத் தருகிறார். ஓரிரு மாதங்களில் அவற்றுட் பாதி இறந்துபோகின்றன. பாசியோ இருந்தபடியே இருக்கிறது. இவ்வாறு நேர்வதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை அறிந்துகொண்டால் பணம் வீணாகாது. வாயில்லா உயிர்களும் பட்டினியால் மடியா.

பாசி மேயும் பிராணிகளின் ஆற்றலைக் கடலே ஒருமுறை பெரிய அளவில் காட்டியிருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களுக்கு இடையேயுள்ள கரீபியன் கடலில் நீண்ட கரிய முட்களையுடைய ஒருவகைக் கடல் முள்ளெலி ஏராளமாக வாழ்ந்துவந்தது. 1983ஆம் ஆண்டில் பனாமாவின் அருகே தோன்றிய ஒரு நோய், ஓராண்டுக்குள் அக்கடல் முழுதும் பரவி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட முள்ளெலிகளை மாய்த்தது. ஜமைக்காத் தீவில் பாசி மேயும் மீன்களை மனிதர்கள் முன்னரே பெரும்பாலும் பிடித்துத் தீர்த்திருந்தனர். 1980ஆம் ஆண்டின் புயலும் பவளத்தை நொறுக்கியிருந்தது. எஞ்சி நின்று மேய்ந்துகொண்டிருந்த இந்த ஒரே இனமும் அழிந்தவுடன் பாசிக்குத் தடையில்லாமற் போயிற்று. 1970களின் இறுதியில் அத்தீவைச் சூழ்ந்த கடலடிப் பாறைகளில் ஏறத்தாழப் பாதியளவு உயிருள்ள பவளம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழாகக் குறைந்து, பாறைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைப் பாசி மூடிவிட்டது. மேய்ப்பவை இல்லையேல் என்ன ஆகும் என்பது இதனால் விளங்கும். ஒரே இனத்தை நம்பியிருத்தல் எத்துணை ஆபத்து என்பதும் விளங்கும். நம் தொட்டிக்கும் இது பொருந்தும்: ஒரே வகை நத்தையில் இருபது வாங்குவதைவிட, வெவ்வேறு விதமாக மேயும் நான்கு வகைகளில் இவ்விரண்டு வாங்குவது மேல்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கடல் பெரிது, தொட்டி சிறிது. நத்தை பாசியைத் தின்று கழிவாக வெளியிடுகிறது. அக்கழிவு அழுகி, மீண்டும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரிலேயே கலக்கிறது. அதை உண்டு பாசி மறுபடியும் முளைக்கிறது. மீனுக்கு நாம் இடும் இரையில் மிஞ்சியதும் இக்கணக்கிலேயே சேரும். ஆகவே எந்தப் பிராணியும் தொட்டியிலிருந்து உரச்சத்தை வெளியேற்றுவதில்லை. அது நம் கையின் வேலை. நீண்டு வளர்ந்த பாசியை விரல்களால் பிடுங்கி வெளியே எறிதல், வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல், இரையைக் குறைத்தல் ஆகிய மூன்றையும் செய்த பின்னர் எஞ்சுவதை மேய்வதற்கே பிராணிகள் வேண்டும். விளக்கையும் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விட வேண்டியதில்லை. தொட்டியைச் சன்னலருகே வைத்து வெயில் படச் செய்வோர், தாமே பாசிப் பயிர் செய்கிறவர்கள் ஆவர்.

இனி, பாசி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் பலவகைப்பட்டது. எந்தப் பாசி என்று பாராமல் பிராணியை வாங்குவது, நோயை அறியாமல் மருந்து வாங்குவதைப் போன்றதாகும். புதிய தொட்டியில் முதலில் தோன்றும் பழுப்பு நிறப் பொடி டையாட்டம் என்னும் நுண்ணுயிர்களால் ஆனது. அவை தம் ஓட்டை மணற்சத்தாகிய சிலிக்காவினால் கட்டிக்கொள்கின்றன. குழாய்நீரில் சிலிக்கா கலந்திருப்பதுண்டு. நீரிலும் மணலிலும் உள்ள அச்சத்துத் தீர்ந்தவுடன் இப்பொடி பெரும்பாலும் தானே மறையும். இதற்காகப் பதறி எதையும் வாங்க வேண்டியதில்லை. பாறைமேல் வெல்வெட்டுத் துணிபோலச் செந்நிறமாகப் படர்ந்து, உரித்தால் ஏடாகக் கழன்று வருவது பாசியே அன்று; அது ஒளியால் உணவு ஆக்கிக்கொள்ளும் ஒருவகைப் பாக்டீரியா. இதை விரும்பித் தின்னும் பிராணி அரிது. குழாயால் உறிஞ்சி அகற்றி, நீரோட்டத்தை மிகுவித்தலே வழி. மாறாக, இளஞ்சிவப்பு நிறத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் பாறையில் ஒட்டியிருக்கும் கெட்டியான பாசி தொட்டியின் நலத்துக்கு அடையாளம். அதைச் சுரண்டக் கூடாது.

மேயும் பிராணிகள் பயன்படுவது கண்ணாடியில் படியும் பச்சைப் படலத்துக்கும், பாறையில் மயிர்போல நீளும் பச்சைப் பாசிக்கும், பச்சை முத்துகளைப்போலத் திரளும் குமிழ்ப் பாசிக்கும்தான்.

படலத்தை அகற்றுவதில் நத்தைகளை மிஞ்சியவை இல்லை. அவற்றின் நாக்கில் அரம்போன்ற நுண்பற்கள் வரிசை வரிசையாக உண்டு. இரவு முழுவதும் கண்ணாடியை அராவிக்கொண்டே செல்லும். பம்பரம்போன்ற வடிவுடைய டிரோக்கஸ் வகை நமக்கு மிகவும் ஏற்றது. கவிழ்ந்து விழுந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். சில தொட்டிகளில் குஞ்சு பொரித்துப் பெருகுவதும் உண்டு. இதை ஒத்த தோற்றமுடைய ஆஸ்ட்ரியா வகைக்கு அந்தத் திறமை இல்லை. மணலில் மல்லாந்து விழுந்தால் நண்டுக்கு இரையாகும்வரை அப்படியே கிடக்கும். நாள்தோறும் ஒருமுறை பார்த்து நிமிர்த்திவிட வேண்டும். டர்போ என்னும் பெருநத்தை மயிர்ப்பாசியைக்கூட மேயக்கூடியது. ஆனால் உடல்வலிமை மிகுந்ததாதலின், சரியாகப் பதிக்காத கற்களைத் தள்ளி உருட்டிவிடும். மெக்சிகோவிலிருந்து வரும் டர்போ குளிர்ந்த நீருக்குப் பழகியது. மே மாதத்து நாகபுரி வெப்பத்தில் அது நெடுநாள் வாழாது. நெரைட் வகை அலை ஏறி இறங்கும் கரைப்பாறைகளில் வாழ்வது; தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே ஊர்ந்து தரையில் காய்ந்து கிடப்பதைக் காணலாம். மூடி இல்லாத தொட்டிக்கு அது ஆகாது. செரித் என்னும் சிறு கூம்பு நத்தை பகலில் மணலுள் புதைந்து, இரவில் வெளிவந்து மணல்மேற் பாசியை உண்ணும்.

நம்மவர் யாவரும் அறிந்த ஒன்றும் இக்கூட்டத்தில் உண்டு. தாயம் ஆடுவதற்கு நம் வீட்டுப் பெரியவர்கள் உருட்டிய சோழியின் உள்ளே ஒரு காலத்தில் குடியிருந்த பிராணியே அது. பணமாக வழங்கிய சிறு மஞ்சட் சோழி நல்ல பாசி மேய்ப்பாளி. உயிரோடிருக்கையில் தன் மெல்லிய தோற்போர்வையை ஓட்டின்மேல் விரித்துக்கொண்டு திரியும் அதன் அழகை, ஓட்டை மட்டும் கண்டவர்கள் அறியார். புலிச்சோழி போன்ற பெரிய வகைகள் மென்பவளத்தையும் கடிக்கும், அவற்றை விலக்குக.

துறவி நண்டு என்று பெயர் பெற்றது வெற்றுச் சங்கில் குடியிருப்பது. பெயர்தான் துறவி, அடுத்தவர் வீட்டின்மேல் இத்துணை ஆசை வேறு எப்பிராணிக்கும் இல்லை. உடல் வளர்ந்து சங்கு போதாமற் போனால், நல்ல ஓட்டையுடைய நத்தையைக் கொன்று அதில் குடியேறிவிடும். பாசியைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் நத்தை வளர்ப்போர் இரண்டு மூன்று சிறு துறவிகளுக்கு மேல் வைத்தல் வேண்டா. வெவ்வேறு அளவுள்ள வெற்றுச் சங்குகளைத் தொட்டியிற் போட்டு வைத்தால் கொலைகள் குறையும். குமிழ்ப் பாசிக்கு மரகத நண்டு என்னும் பச்சை நண்டைப் பலர் நாடுகின்றனர். அது பயன்படும், எனினும் வயது ஏறிப் பருத்த பின், பசி கண்டால் உறங்கும் சிறுமீனையும் பற்றக்கூடும். சிறியதாக ஒன்றை வாங்குதல் போதும்.

மயிர்ப்பாசியைச் சில நாட்களில் மொட்டையடித்துவிடும் பிராணி கடல் முயல். ஓடில்லாத பெரிய நத்தை இனம் இது. கடைகளில் மிகவும் புகழப்படுவதும், வீடுகளில் மிகவும் துன்புறுவதும் இதுவே. பாசி தீர்ந்தவுடன் அதற்கு உணவு இல்லை. பெரும்பாலும் சில வாரங்களிற் பட்டினியால் இறக்கும். நீர் உறிஞ்சும் குழாயில் சிக்கிக்கொண்டாலோ அச்சுற்றாலோ ஊதா நிற மையைக் கக்கி நீரைக் கெடுக்கும். ஆகவே அதை வாங்குவதைவிட, வேலை முடிந்ததும் வேறொருவர் தொட்டிக்கு மாற்றிவிடும் ஏற்பாட்டோடு இரவல் பெறுவதே முறை. ஒரே நகரில் கடல்மீன் வளர்ப்போர் சிலர் தம்முள் பேசி ஒரு கடல் முயலைச் சுற்றுக்கு விடலாம்.

மீன்களுள் பாசி உண்பவற்றின்மேல் நமக்கு ஆசை அதிகம். வாலின் அடியில் கத்திபோன்ற முள்ளை உடைய சர்ஜன் மீன்களுள் மஞ்சள் நிறத்தது எல்லோர் கண்ணையும் கவரும். அது இருபது சென்டிமீட்டர் வரை வளர்வது. கடலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. நாள் முழுவதும் நீந்திக்கொண்டே மேய்வது. நாலடி நீளத்துக்குக் குறைந்த தொட்டியில் அதை அடைப்பது கொடுமை என்றே நாம் கருதுகிறோம். இவ்வினத்தை 2015ஆம் ஆண்டில் ஹவாயில் முதன்முறையாகச் செயற்கை முறையில் குஞ்சு பொரித்து வளர்த்தனர். அவ்வாறு வளர்க்கப்பட்டது கிடைக்குமாயின் அதையே கேட்டு வாங்குதல் நன்று. பாக் நீரிணைக் கரையில் உணவுக்குப் பிடிக்கும் ஓரா மீனின் உறவினமாகிய மஞ்சள் நரிமுக மீனும் மயிர்ப்பாசியை நன்றாக உண்ணும். அதற்கும் பெரிய தொட்டி தேவை. முதுகு முட்களில் நஞ்சு உண்டாதலால் வெறுங்கையால் தொடக் கூடாது. சிறிய தொட்டி உடையோர்க்குப் புல்வெட்டி எனப்படும் பிளென்னி மீன் பொருந்தும். கற்களின்மேல் அமர்ந்து, கண்களை உருட்டி நம்மையே பார்க்கும் வேடிக்கையான மீன் இது. ஆயினும் புதிதாக அமைத்த, பாசியே படராத தொட்டியில் விட்டால் இதன் வயிறு ஒட்டிப்போகும். வாங்கும்முன் கடையிலேயே வயிறு பருத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்க.

இருநூறு லிட்டர் தொட்டி ஒன்றுக்கு, நம் கருத்தில், தொடக்கத்தில் மூன்று டிரோக்கஸ், மூன்று செரித், ஒரு சோழி, இரண்டு சிறு துறவி நண்டுகள் போதும். தொட்டி அமைத்து நான்கிலிருந்து ஆறு வாரங்கள் கழிந்து, நீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை எனச் சோதித்தறிந்த பின்னரே இவற்றையும் விட வேண்டும்.

நத்தையும் நண்டும் இறப்பதற்குப் பட்டினிக்கு அடுத்த காரணம் நீர். உப்புச் செறிவு திடீரென மாறுவதை அவை தாங்கா. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு; கடையின் நீர் அதனினும் குறைவாக இருத்தல் கூடும். எனவே வாங்கி வந்த பிராணியை ஒரு பாத்திரத்தில் இட்டு, மெல்லிய குழாயில் முடிச்சிட்டுத் தொட்டி நீரை ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டாக அதில் விழச் செய்தல் வேண்டும். வடநாட்டுக் கோடையில் தொட்டி நீர் விரைவாக ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கும். குறைந்த அளவை உப்பில்லாத் தூய நீரால் நாள்தோறும் நிரப்புக. வீட்டுக் குடிநீர் வடிகட்டியின் நீரைப் பயன்படுத்துவோர், அதில் தாதுக்களை மீண்டும் கலக்கும் அமைப்பு இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று: செம்புக் குடத்து நீர் உடலுக்கு நல்லது என்பது நம் வழக்கு. நத்தைக்கும் நண்டுக்கும் செம்பு கொடிய நஞ்சு. தொட்டிக்குரிய நீரைச் செம்புப் பாத்திரத்தில் வைத்தலோ, மீன்நோய்க்கு விற்கும் செம்பு கலந்த மருந்தை அவை உள்ள தொட்டியில் ஊற்றுதலோ கூடாது.

வாங்குகையில் சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் கடற்குதிரை, கடல் அட்டை, பவளம், சில சங்கு வகைகள் முதலியன 2001ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. மணலைத் துப்புரவு செய்யும் என்று சொல்லிக் கடல் அட்டையையோ, உயிருள்ள பாறை என்று சொல்லி மன்னார் வளைகுடாவின் பவளக் கல்லையோ யாரேனும் தர முன்வந்தால் மறுத்துவிட வேண்டும். அவற்றை விற்பதும் வாங்குவதும் குற்றமாகும்.

பாசி குறைந்த பின்னும் மேய்ப்பவற்றுக்கு வயிறு உண்டு. உப்பும் எண்ணெயும் மசாலாவும் சேராத உலர்ந்த கடற்பாசித் தாள் இப்பொழுது பெருநகரக் கடைகளில் கிடைக்கிறது. அதில் உள்ளங்கையளவு துண்டைச் சிறு கல்லில் கட்டி, விளக்கு அணையும் நேரத்தில் அடியில் இட்டால், நத்தைகள் அதைத் தேடி வந்து சூழும். எஞ்சியதைக் காலையில் எடுத்துவிட வேண்டும். அவ்வேளையிலேயே நத்தைகளை எண்ணிப் பார்ப்பதும் எளிது. இரண்டு நாட்களாக ஓரிடத்தில் அசையாதிருக்கும் நத்தையை எடுத்து முகர்ந்து பார்க்க; நாற்றம் வீசினால் அது இறந்துவிட்டது. நீர் கெடுவதற்குள் அதை அகற்றிவிடலாம்.